ஊதா

நீலச் சாயம் நீலமாகவே நின்றால் பயமில்லை. உயிரணுக்களுக்குள் ஊதாப் பொடி தெரிந்தால் அது புற்று. இருபது ஆண்டுகளாக நாய்களின் தோல்கட்டிகளுக்குச் சாயமேற்றும் நளாயினி, இன்று கண்ணாடித் தகட்டைக் கழுவிக்கொண்டே நின்றாள். அதிலிருந்தது அவள் வளர்க்கும் பூச்சி என்ற நாயின் தோல். மருத்துவர் இரக்கப்பட்டு மழுப்பிவிடக் கூடாதென்று பெயரை விட்டு வரிசை எண்ணை மட்டும் குறித்திருந்தாள்.

“சாயத்தையே கழுவி விட்ருவ போலிருக்கே, கொண்டாம்மா” என்று வாங்கி, நுண்ணோக்கியில் வைத்தார் மருத்துவர். குமிழைத் திருகினார். மறுபடியும் திருகினார்.

“அடடா! இவ்ளோ அழகா ஊதா ஏறி நான் பாத்ததே இல்ல. கைராசிம்மா உனக்கு. ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்ட இன்னும் ரெண்டு போட்டு வை.”

“சரிங்க டாக்டர்” என்றவள், அடுத்த தகட்டை எடுத்து அதிலும் அதே வரிசை எண்ணைக் குறித்தாள்.