மூன்றாவது மெழுகுவத்தி

சூரியன் மறைந்தால் யோம் கிப்பூர், யூதர்களின் பாவமன்னிப்பு நாள். அதற்குள் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட வேண்டும். குடும்பத்தில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட வேண்டும். மொன்டெவிடியோ வீட்டுச் சமையலறையில் அம்மா எடுத்து வைத்த மெழுகுவத்திகளை டிர்சா எண்ணினாள். அவளுக்கும் தங்கை ரிவ்காவுக்கும் ஆட்டிசம். வழக்கம் மாறினால் இருவருக்கும் தாங்காது.

"மூணு இருக்கும்மா. எப்பவும் ரெண்டுதானே? தாத்தாவுக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு."

"மூணாவது அப்பாவுக்கு."

"அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சுன்னியே! இத்தனை வருஷம் ஏன் ஏத்தல? மறந்துட்டியா?"

"அம்மா எதையும் மறக்க மாட்டா," என்றாள் ரிவ்கா.

அம்மா தீக்குச்சியைக் கீழே வைத்தாள். "உயிரோட இருக்கறவருக்கு எப்படிம்மா ஏத்துவேன்? அவர் நம்மளை விட்டுட்டுப் போனார். போன வாரம்தான் செத்தார். உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் தினம் வாசல்லயே காத்துக் கிடப்பீங்கன்னு..."

"அப்போ போன வாரம் வரைக்கும் பார்த்திருக்கலாம்," என்றாள் ரிவ்கா.

"என்னை மன்னிச்சிடு, டிர்சா."

"மாட்டேன்."

அம்மா தலைகுனிந்தாள். டிர்சா சன்னலைப் பார்த்தாள். சுவரில் ஒரு சாண் வெயில்தான் மிச்சம்.

"மூணு தடவை கேக்கணும்மா, அதான் முறை. இது ஒண்ணுதான் ஆச்சு. இருட்டறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை கேளு."