எந்தக் கிளம்பல்?

நான் வணக்கம் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இப்பவே இந்த வீட்டை விட்டுக் கிளம்பணும்."

கிசுகிசுப்புதான். பின்னால் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு பேசுகிறாள் போல.

லைனில் மூன்று பேர். அவள், பெண்கள் உதவி மையத்து அதிகாரி, நடுவில் மொழிபெயர்க்க நான்.

அவள் சொன்னதை 'லீவ்' என்று மொழிபெயர்த்தேன். எந்தக் கிளம்பல் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மனுஷனுக்குக் கிளம்பலில் ஆயிரம் ரகம். 'வாக் அவுட்' என்றால் கோபித்துக்கொண்டு போவது, நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்வார். பெட்டி படுக்கையோடு போனால் 'மூவ் அவுட்', அதற்கு வேறு நம்பர். 'ஃப்ளீ' என்றால்தான் உயிருக்குப் பயந்து ஓடுவது. அதற்கு மட்டும்தான் உடனே வண்டி வரும்.

புருஷன் அடிக்கிறானா, உயிருக்குப் பயமா என்று அவளிடம் தமிழில் கேட்டேன்.

அவ்வளவுதான், குழாயை இன்னும் பலமாகத் திறந்துவிட்டாள்.

பிறகு, அதெல்லாம் ஒன்றுமில்லை, சின்ன மனஸ்தாபம், ரெண்டு நாள் வெளியே இருந்துவிட்டு வந்துவிடுவேன் என்றாள்.

அடிப்பாவி! பல் கிட்டிக்கொள்கிற மாதிரி நடுங்கும் குரலில் என்ன மனஸ்தாபம்? இதை அப்படியே சொன்னால் அது வெறும் 'கோ அவே', சும்மா வெளியே போய்வருவது. அதிகாரி லைனைக் கட் பண்ணிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்.

அந்தப் பக்கம் கதவு அதிர்ந்தது. தட்டவில்லை, உதைக்கிறான்.

கேட்டதை மட்டும்தான் மொழிபெயர்க்க வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. விதியாவது மண்ணாங்கட்டியாவது. உண்மையைச் சொல்லித் தொலை தாயே, நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று கெஞ்சினேன்.

அவள் உடைந்து அழுதாள்.

"உன்கிட்ட போய் எப்படிம்மா சொல்வேன்? என் குரல் உனக்குத் தெரியலையா?"

தெரிந்தது. கிசுகிசுப்பை விட்டு அவள் வாய்விட்டு அழுதபோதுதான் தெரிந்தது.

"ஃப்ளீ" என்றேன் அதிகாரியிடம். இரண்டு முறை சொன்னேன்.

வண்டி அனுப்புகிறேன், விலாசத்தைக் கேளுங்கள் என்றார்.

அவளைக் கேட்கவில்லை. தெரு, கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு எதிர்க்கதவு என்று நானே கடகடவென்று சொன்னேன்.

உதைக்கிறவன் பெயர் என்ன என்றார்.

என் அண்ணன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.