கட்டையில் கீறிய பெயர்

அற்புதராஜ் ஒஹாயோவில் குடியேறிய பிறகு சேர்த்த பழைய ராணுவத் துப்பாக்கிகளில் அதுதான் அரியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பர் படைக்குக் கொடுத்தது. குழலில் துருவே இல்லை. தோளில் அணைக்கும் மரக்கட்டையில் மட்டும் எவனோ ஒரு சிப்பாய் ‘ஐசயா’ என்று தன் பெயரைக் கத்திமுனையால் கீறியிருந்தான்.

பழைய துப்பாக்கிகளின் கண்காட்சியன்று காலையில் பக்கத்து மேசை வியாபாரி கீறலில்லாத கட்டையொன்றை எடுத்து நீட்டினார். “இதுவும் அதே வருஷத்துக் கட்டைதான். மாற்றிக்கொள்ளுங்கள், முதல் பரிசு உங்களுக்குத்தான்.”

“மாத்துங்களேன்,” என்றாள் மனைவி செல்வராணி. “எத்தனை வருசமா இந்தப் பரிசுக்கு அலையுதீங்க!”

அவர் கீறலின் மேல் விரலை வைத்தார். “அடிமைங்க எழுதப் படிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தாங்க, ராணி. இவன் பட்டாளத்துல சேந்த பெறகுதான் எழுத்தே படிச்சிருப்பான். பாரு, ஒரு எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கான். இதையா கழட்டச் சொல்லுத?”

செல்வராணி குனிந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் அந்த இடத்தை மெல்லத் துடைத்துவிட்டாள்.

மாலையில் பரிசு, கீறலே விழாத வேறொரு துப்பாக்கிக்குப் போனது. அற்புதராஜ் மனதாரக் கைதட்டினார். பரிசு வாங்கிய கிழவர் நீல ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு இவர்கள் மேசைக்கு வந்தார். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். தன் வீட்டுப் பிள்ளைக்கு ஊர் எழுந்து நின்றதுபோல் அற்புதராஜுக்கு மார்பு விம்மியது.