டைகருக்குப் பத்தியம்

கடைக்குப் போய் வந்த சிவமலர் வெறும் தட்டைப் பார்த்துத் திகைத்தாள்.

“ஆறு கோழி ரோல்ஸும் எங்க?”

“டைகர் திண்டிட்டுது,” என்றார் கணவர் தவராசா, பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

“ஐயோ! உப்பும் உறைப்பும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு தானே!”

விறுவிறுவென்று உள்ளே போனவள், டொக்டரோடு போனில் கதைத்துவிட்டு வந்தாள்.

“ஒரு கிழமைக்கு உப்பில்லாக் கஞ்சிதானாம். காலையில வாவிக்கரையில ஒரு மணித்தியாலம் நடக்கட்டாம்.”

“பாவம், வாயில்லாச் சீவன். எண்டாலும் டொக்டர் சொன்னதை அப்படியே செய்யத்தான் வேணும்,” என்றார் தவராசா கண்டிப்பாக.

சிவமலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அப்ப நாளைக்கு வெள்ளன எழும்புங்க. இண்டைக்குக் காலையில நீங்க வேலைக்குப் போன கையோட அக்கா வந்து டைகரைக் களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டு போயிட்டா. நான் கதைச்சது உங்கட பிரஷர் டொக்டரோட!”