உப்புக் கோமகன்

பங்குச்சாமியாரின் பிரசங்கம் எப்படியும் அரை மணி நேரம் ஓடும். ஜெரால்டுக்கு அது போதும். கோயிலின் பக்கவாசல் வழியே நழுவி, உப்பளத்து வரப்பில் குறுக்கே நடந்து, கோயிலில் உட்கார்ந்திருந்த அந்தோணிதாஸின் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அந்தோணிதாஸ் வேறு யாருமல்ல, பெரியப்பா மகன்தான். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு பட்டம் கிடந்தது.

எழுபது வருஷத்துக்கு முன் மூன்று ராஜாக்கள் திருவிழாவில் ராஜா வேஷம் கட்டிய தாத்தா சவரிமுத்து, குதிரை மிரண்டு ஓடியும் கிரீடம் சரியாமல் உட்கார்ந்திருந்தாராம். அதை மெச்சி அப்போதைய சாமியார் 'உப்புக் கோமகன்' என்று பட்டம் கொடுத்தார். தாத்தா கண்மூடியதும் பட்டத்துக்கு அடிதடி.

"திருவிழா அன்னிக்குக் கிரீடம் எவன் தலையில இருக்குதோ, பட்டம் அவனுக்கு" என்று தீர்த்துவைத்தார் அடுத்து வந்த சாமியார். அன்று தொடங்கியது திருட்டு. போலீசுக்கு மட்டும் போகக்கூடாது என்பது குடும்பச் சட்டம்.

பதினோரு வருஷமாகக் கிரீடம் அந்தோணிதாஸிடம். மாலை மரியாதை எல்லாம் அவருக்கே. ஜெரால்டை ஊர் 'கோமகன் தம்பி' என்றது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பீரோவிலேயே சாவி தொங்கியது. 'பாவம், அண்ணனுக்கு வயசாயிட்டுது' என்று ஜெரால்டு இரக்கப்பட்டான்.

உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொடிந்து உதிர்கிற ஊரில் கிரீடம் பளபளத்தது. திருவிழாவுக்கு மெருகு போட்டிருப்பார். கையில் எடுத்தால் நல்ல கனம். பட்டத்தின் கனம் என்று நினைத்துக்கொண்டான்.

திருவிழா அன்று குதிரைமேல் கிரீடத்தோடு ஜெரால்டு வந்தான். கூட்டத்தின் ஓரத்தில் கையில் ஒரு பையோடு அந்தோணிதாஸ்.

"என்னா அண்ணே, மொகம் வாடிக் கெடக்குது?"

"ஆண்டவர் சித்தம். நீயே வச்சிக்கடா."

தெருமுனையில் ஜீப் குறுக்கே நின்றது. எஸ்.ஐ. சரவணகுமார் குதிரையை நிறுத்தினார்.

"ஏம்பா, இந்தக் கிரீடம் யாரோடது?"

அண்ணன் சட்டத்தை மீறி புகார் கொடுத்துவிட்டாரா? ஜெரால்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

"என்னுதுதாங்க சார். தாத்தா காலத்துலேர்ந்து எங்களுது. ஊரையே கேளுங்க."

எஸ்.ஐ. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். "போன மாசம் புதுச்சேரி நகைக்கடையில காணாமப்போன வெள்ளிக் கிரீடம். தங்க முலாம். இங்கதான் இருக்குன்னு தகவல் வந்துச்சு. எறங்கு."

ஜெரால்டு குதிரையிலிருந்து குதித்தான். "ஐயோ சார், இது அண்ணன் வீட்டு பீரோவுல நான் திருடுனது சார்!"

"திருடுனதுன்னுதாம்பா நாங்களும் சொல்றோம். ஏறு ஜீப்புல."

ஜீப் போனதும் ஊர்வலம் மறுபடி கிளம்பியது.

குதிரைமேல் கோமகன் அந்தோணிதாஸ் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து எடுத்து அவர் தலையில் வைத்துக்கொண்டது, உப்புக்காற்று அரித்து ஓட்டை விழுந்த தாத்தாவின் பழைய தகரக் கிரீடம்.