கோணல் சுண்டுவிரல்

"ஏய் கிளி, இது என்ன, உருளைக்கிழங்கா?"

கைவேலை சொல்லித்தரும் கோந்து மிஸ் கேட்டதும் ஒன்றாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"எங்க அம்மா கை மிஸ்."

"கைன்னா விரல் வேணாமா?"

"காலையில அம்மா தூங்கறப்ப வரைஞ்சேன் மிஸ். அம்மாவுக்கு நைட் டூட்டி. நான் ஸ்கூலுக்குக் கிளம்பறப்பதான் வருவாங்க. வந்ததும் தொப்புனு விழுந்து, கையை மூடிக்கிட்டு..."

கிளி குறட்டை விட்டுக் காட்டினாள். அச்சு அசல் குறட்டை.

கிளி என்பது பட்டப்பெயர். யார் குரல் காதில் விழுந்தாலும் அடுத்த நிமிஷம் அவள் வாயில் வரும். வேன் டிரைவரின் "ஏறு ஏறு ஏறு", ஹெட்மிஸ்ட்ரஸின் இருமல், தண்ணீர்க் குழாயின் 'கொர்ர்'. எதுவும் தப்பாது.

நாளை முதல் ஒரு மாதம் லீவு. அதற்குத்தான் இந்த லீவு அட்டை. கெட்டி அட்டையைப் புத்தகம்போல மடிக்க வேண்டும். இடப்பக்கம் தன் கை, வலப்பக்கம் லீவு முழுக்கக் கூட இருக்கப்போகிறவரின் கை. கலர் பேப்பரில் வரைந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். கீழே 'லீவு யாரோட?' என்று ஒரு கோடு. அதில் பெயர்.

"இது எங்க நாய் கை மிஸ்," என்றான் முதல் பெஞ்சுப் பையன்.

"நாய்க்கு ஏதுடா கை?"

"குலுக்குமே மிஸ்!"

மிஸ் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

கிளி மட்டும் ஜன்னல் பக்கம் நின்றாள். அங்கே கிளிப்பில் மிஸ்ஸின் மாதிரி அட்டை மடித்தபடி தொங்கியது; கிளி அதைப் பிரித்துப் பார்த்தாள். நாலு வருஷமாக அதே அட்டைதான். லீவு முடிந்தால் அலமாரிக்குள், அடுத்த லீவு வந்தால் வெளியே.

"மிஸ், இதுல ரெண்டு கையும் உங்க கைதானே?"

"இல்லையே."

"ரெண்டுலயும் சுண்டுவிரல் கோணல் மிஸ். உங்க விரல் மாதிரியே!"

மிஸ் தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"அது... என் தங்கச்சி கை. அக்கா தங்கச்சின்னா ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப ஏன் பேர் எழுதலை?"

"கண்ணு, வாய்க்கு லீவு விட்டுட்டு வேலையைப் பாரு."

மிஸ்ஸுக்குத் தங்கச்சி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அந்த அட்டையைச் செய்த அன்று, ஒற்றை அறையில், இன்னொரு கைக்கு எங்கே போவது? பேப்பரை இரண்டாக மடித்தார், தன் கையை வரைந்தார், வெட்டினார். ஒரே வெட்டில் இரண்டு கை. வேலை சுளுவாக முடிந்தது. பெயர்க்கோடு மட்டும் நாலு வருஷமாக வாயைப் பிளந்துகொண்டே கிடக்கிறது.

கோந்து தீர்ந்துபோனது. மிஸ் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் திரும்பினார். பிள்ளைகள் பூனைக்குட்டி மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். அதுவே சந்தேகம்.

கிளியின் அட்டையைத் திறந்தார். வலப்பக்கம் உருளைக்கிழங்கு. இடப்பக்கம்...

கோணல் சுண்டுவிரல்.

"இதை எங்கேருந்து எடுத்தே?"

கிளி ஜன்னலைக் காட்டினாள்.

"பிய்ச்சு எடுத்தியா?"

"ஆமா மிஸ். ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் எனக்குச் சொல்லித்தராதே! கேட்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு?"

நாய்ப் பையன் எழுந்தான். "திருட்டு மிஸ்!"

"கேட்டுக்கோ. நீ செய்யச் சோம்பேறித்தனம், அதனால அடுத்தவங்க பொருள் மேல கையா? லீவு நாள்ல கத்துக்க வேண்டியது முதல்ல இதுதான்."

மிஸ் அந்தக் கையைச் சரக்கென்று உரித்தெடுத்தார். கிளியின் அட்டையில் ஒரு மூடின கையும், ஒரு கோந்துத் தழும்பும் மிச்சம்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. வழக்கமாகக் கிளி அதைவிட உரக்க அடிப்பாள். இன்று அடிக்கவில்லை.

"போயிட்டு வரேன் மிஸ்."

அன்றைக்குத்தான் கிளியின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று வகுப்புக்கே தெரிந்தது. சின்னக் குரல்.

வேன் போனது. வகுப்பறையில் வெட்டிப் போட்ட காகிதத் துணுக்குகளும், ஒரு மாதத்துக்கான அமைதியும். மிஸ் பெருக்கினார். ஜன்னலைச் சாத்தினார். நாற்காலிகளைத் தலைகீழாக மேசைமேல் கவிழ்த்தார். இதற்குமேல் நேரத்தைக் கடத்த வேலை இல்லை.

சரி, கையை அதன் இடத்தில் ஒட்டி, அட்டையை அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று மாதிரி அட்டையைக் கழற்றித் திறந்தார்.

ஒட்டுவதற்கு அதில் இடம் இல்லை.

இடப்பக்கம் அவர் கை. வலப்பக்கம், கோந்து வழிய வழிய, ஐந்து விரலும் விரித்து ஒரு குட்டிக் கை.

கீழே, 'லீவு யாரோட?' கோட்டில், கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'கிளியோட.'