கால் நனைத்த பெட்டை

வாயில் மிஞ்சியிருக்கும் மூன்று பற்களின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தெரு முழுக்கக் கோழிக்கழிச்சல் பரவியபோது, என் பதினொரு கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. கூண்டு வாசலில் தட்டு வைத்து மருந்துத் தண்ணீர் ஊற்றினேன். அதில் கால் நனைக்காமல் என் மருமகனைக்கூட உள்ளே விடவில்லை.

"ஏன் மாமா, எனக்கா கழிச்சல்?"

"உங்க செருப்புக்கு இருக்கும் மாப்பிள்ளை. நனைங்க."

அடுத்த வீட்டுத் தையல்காரி தன் கோழிகள் அத்தனையையும் புதைத்தாள். குழிக்கு நான்தான் சுண்ணாம்பு தூவினேன்.

மறுநாள் காலை, அந்தக் குழியில் கிடந்த அவளுடைய நொண்டிப் பெட்டை வந்தது. தட்டில் ஏறி இரண்டு கால்களையும் நனைத்துவிட்டு, என் கோழிகளோடு போய்ப் படுத்தது.

செத்த கோழியும் மீறாத கட்டுப்பாடு என்னுடையது.

நேற்றுப் பரணைத் துடைத்த மனைவி, தட்டில் கரைக்க நான் வாங்கிய அந்த மருந்துப் பொட்டலத்தை, கட்டுக்கூடப் பிரியாமல் இருந்தபடியே எடுத்துக்கொடுத்தாள்.